நான் கிட்டே போனால் லைன் அமைதியாகிவிடுகிறது. "முதலில் தன்னை அறி" என்கிறார்கள், எப்படி?

அவினாசி ரோடு:

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கிறேன். செக்கிங்கில் ஆரம்பித்து, குவாலிட்டியில் பல வருடம் ஓட்டி, போன தீபாவளிக்கு அப்புறம்தான் இந்தப் பொறுப்பு வந்தது. நாலு தையல் லைன். டெய்லர், ஹெல்பர், செக்கிங் எல்லாம் சேர்த்து நூறு பேருக்குப் பக்கம். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் ஆட்கள். என் இந்தி வேலை வாங்கப் போதும், கதை பேசப் போதாது.

நான் கத்துகிற ஆள் இல்லை. கெட்ட வார்த்தை வாயில் வராது. எனக்கு முன்னால் இருந்தவர் பீஸைச் சுருட்டி டெய்லர் முகத்தில் எறிவார். அவர் போனதும் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் லைனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. யாரும் எதையும் என்னிடம் சொல்வதில்லை.

ஒரு உதாரணம். குழந்தைகள் டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டி, அதாவது ரிப், ஸ்பெக்கில் (அளவுக் குறிப்பில்) 1.5 சென்டிமீட்டர். ஓவர்லாக் அடித்து வந்ததில் 1.2தான் நிற்கிறது. முதல் பண்டிலிலேயே ஓவர்லாக் டெய்லருக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் இருந்த ஹெல்பருக்கும் தெரிந்திருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து செக்கிங் டேபிளில் டேப் வைத்தபோதுதான் எனக்குத் தெரியும். அதற்குள் ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், மலை மாதிரி குவிந்துவிட்டது. "ஏன் சொல்லலை?" என்று கேட்டால், "நீங்க போன்ல இருந்தீங்க" என்கிறார்கள். அரை நாள் முழுக்கவா போனில் இருந்தேன்?

இந்த நேரத்தில் கம்பெனியில் எங்களை ஓட்டலில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்தவர் நன்றாகத்தான் பேசினார். பிறரை நடத்துவதற்கு முன் தன்னை நடத்தத் தெரிய வேண்டும், அதற்கு முன் தன்னைத் தெரிய வேண்டும் என்றார். கேள்வித்தாள் ஒன்று கொடுத்து நிரப்பச் சொன்னார். எனக்கு வந்த முடிவு: "அமைதியானவர், பொறுமையாகக் கேட்பவர், பிறர் உணர்வை மதிப்பவர்." வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. பொறுமையாகக் கேட்பவர் என்ற வரியை மகளைக் கூப்பிட்டு வேறு வாசிக்கச் சொன்னாள்.

இதில் யார் சரி? கேள்வித்தாளா, என் மனைவியா? தன்னை அறிவது என்றால் தியானத்தில் உட்கார வேண்டுமா, டைரி எழுத வேண்டுமா, என்னதான் செய்ய வேண்டும்? முதலாளியிடம் சொன்னால், "அதெல்லாம் விடப்பா, புரொடக்‌ஷனைப் பாரு" என்கிறார்.

தயிர்சாதம்:

உங்கள் மனைவிதான் சரி, கேட்கவே வேண்டாம்.

நான் சென்னையில் ஐடி. இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள் ஏராளமாக நிரப்பியிருக்கிறேன். எங்கள் பக்கம் பிரபலமானது நாலு எழுத்தில் உங்களைச் சொல்லிவிடும் மையர்ஸ்-பிரிக்ஸ். கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. ஆர்வத்தில் செய்தார்கள், உலகம் பிடித்துக்கொண்டது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது என்பது இதன் மேல் இருக்கும் பழைய குற்றச்சாட்டு.

ஆனால் என் புகார் வேறு. அதில் உங்களைப் பற்றி உங்களிடமே கேட்கிறார்கள், நீங்கள் சொன்னதையே அழகாக அடுக்கித் திருப்பித் தருகிறார்கள். தைத்தவரையே செக்கிங்கிலும் உட்கார வைப்பது மாதிரி. குவாலிட்டியில் இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுற்றி இருப்பவர்களிடம் பெயர் இல்லாமல் கருத்து வாங்கும் முறையும் உண்டு. எங்கள் ஆபீசில் வருடா வருடம் நடக்கிறது. டீமில் ஆறு பேர், யார் எழுதியது என்று இரண்டு வரி படித்தாலே தெரிந்துவிடும். அதனால் எல்லாரும் ஐந்துக்கு நாலு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

பழைய ஏர்மேன்:

விமானப்படையில் கிரவுண்ட் கிரூ, அப்புறம் ஏர்லைன் மெயின்டெனன்ஸ், ஓய்வுக்கு முன் சில வருடம் பயிற்சி வகுப்பு. அந்த வகுப்பில் முதல் நாள் எப்போதும் ஒரே கதைதான் சொல்வேன். தம்பி கேட்டதற்கு அது நேராகப் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸ் 173, டிசி-8 விமானம், டென்வரிலிருந்து போர்ட்லண்டுக்கு. 189 பேர். தரையிறங்கச் சக்கரத்தை இறக்கும்போது ஒரு பெரிய சத்தமும் குலுக்கலும். வலது பக்கச் சக்கரம் வழக்கத்தைவிட வேகமாக விழுந்திருக்கிறது. பூட்டிக்கொண்டதா என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. கேப்டன் சரியாகத்தான் செய்தார்: இறங்காமல் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வட்டமடித்து, என்ன கோளாறு என்று பார்த்து, பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். மிக அனுபவசாலி. கத்துகிறவர் என்றோ யாரையும் மதிக்காதவர் என்றோ பெயர் எடுத்தவரும் இல்லை.

வட்டமடித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. காக்பிட்டில் மூன்று பேர். பக்கத்தில் இருந்த துணை விமானி எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று கேட்கிறார். பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர், இன்னும் கால் மணி நேரம் போனால் ரொம்பக் குறைந்துவிடும் என்கிறார். எல்லாம் பதிவாகியிருக்கிறது. கேப்டனின் காதில் விழுந்திருக்கிறது, பதில்கூடச் சொல்கிறார். ஆனால் அவர் மனம் சக்கரத்தில் இருந்தது. "எரிபொருள் தீரப் போகிறது, இப்போதே இறங்க வேண்டும்" என்று மற்ற இருவரும் உடைத்துச் சொல்லவில்லை. கடைசியில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, ரன்வேக்கு ஆறு மைல் முன்னால் மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவில் விழுந்தது. பத்து பேர் இறந்தார்கள். ஃப்ளைட் இன்ஜினியரும் அதில் ஒருவர். டாங்கில் ஒன்றும் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை, அதனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். சக்கரம் எல்லா நேரமும் ஒழுங்காகக் கீழே பூட்டியே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேப்டன்கள் மற்றவர்களைப் பேசவிட்டு நடத்தவும் மற்றவர்கள் உடைத்துச் சொல்லவும் பயிற்சி வேண்டும் என்றது. 1979இல் நாசா இதற்கென்றே ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. இன்று சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்று உலகம் முழுக்கக் கட்டாயமாக நடப்பது அதன் வாரிசுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு விஷயத்தில் மூழ்கினால் மற்றது எனக்குக் காதில் விழும், மண்டைக்குள் ஏறாது, என்பது அந்தக் கேப்டன் தன்னைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அதை அவர் தியானத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் மூழ்கியிருக்கும்போது மூழ்கியிருப்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும். தன்னை அறிவதில் ஒரு பெரிய பங்கு மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது தம்பி. அவர்கள் அதைக் கொடுக்கிற மாதிரி நீங்கள் நடந்துகொள்கிறீர்களா என்பதுதான் விஷயம்.

எனக்குப் பிடித்த கேப்டன் ஒருவர் உண்டு. பறப்பதற்கு முன் பேசும்போது, "எனக்கு வேலை குவிந்தால் நான் பேசாமல் ஆகிவிடுவேன். அப்போது ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கேள்வியாகக் கேட்காதீர்கள், இதைச் செய்யுங்கள் என்று நேராகச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சுபாவத்தை மாற்றிக்கொள்ள அவர் முயலவே இல்லை. அதை முன்கூட்டியே சொல்லி வைத்தார், அவ்வளவுதான்.

போனில் இருந்தீர்கள் என்று உங்கள் ஆட்கள் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் உங்களைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

செக்கிங் அக்கா:

தம்பி, நானும் நம்ம ஊர்தான். பதினெட்டு வயதில் செக்கிங்கில் உட்கார்ந்தவள். இப்போது பெருமாநல்லூர் பக்கம் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். நீங்கள் நிற்கிற இடத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கத்துகிற இன்சார்ஜைப் பற்றி எங்களுக்குப் பயமே இருக்காது. கத்துவார், அஞ்சு நிமிஷம், முடிந்தது, அப்புறம் அவரே வந்து டீ சொல்வார். நாங்கள் பயந்தது இன்னொருவருக்கு. அவர் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். பீஸை எடுப்பார், உள்பக்கம் திருப்புவார், தையலை விரலால் நீவிப் பார்ப்பார், நம் முகத்தை ஒரு தரம் பார்ப்பார், பீஸை டேபிளில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நல்லதா கெட்டதா ஒன்றும் தெரியாது. அன்றைக்கு முழுக்க வயிற்றில் புளி கரைக்கும். குவாலிட்டியிலிருந்து வந்த ஆட்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். நீங்கள் அப்படியா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அப்படித்தான் உட்காருவீர்கள்.

இன்னொன்று. பழைய ஏர்மேன் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் விமானத்தில் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இல்லை. உங்கள் ஓவர்லாக் டெய்லர் பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா? பீஸ் ரேட் என்றால், ரிப் குறைகிறது என்று அவன் வாய் திறந்த நிமிஷம் மெஷின் நிற்கும். நீங்கள் வரணும், துணியை மடித்துக் கொடுக்கிற ஃபோல்டரைப் பார்க்கணும், மெக்கானிக் வரணும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? சொல்லாமல் ஓட்டினால் எண்ணிக்கை ஏறும், ஆல்டர் வந்தால் பல நேரம் வேறு யார் தலையிலாவது விழும். நீங்கள் புத்தராகவே இருந்தாலும் அவன் சொல்ல மாட்டான். அதனால் எல்லாவற்றையும் "என் சுபாவம்" என்று உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். பாதி சுபாவம், பாதி சம்பளம்.

கேட்கிற விதம் ஒன்று சொல்கிறேன். "என்னைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டால், "நல்லவருங்க சார்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. "நேத்து எதை என்கிட்ட சொல்லாம விட்டீங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருக்கும். இல்லையென்றால் ஊருக்குப் போகிற ஆளைப் பிடியுங்கள். சத் பூஜைக்கோ வயல் வேலைக்கோ கணக்கு முடித்துக்கொண்டு கிளம்புகிற பையன், பை தோளில் ஏறின பிறகு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அத்தனையும் நிஜம். என் யூனிட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி ரயில் டிக்கெட் எடுத்தவர்களிடமிருந்துதான்.

அவினாசி ரோடு:

அக்கா, எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தட்டு விஷயம் வந்ததும், "இவங்க நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். நான் பார்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எதிரில் இருப்பவருக்கு அது தீர்ப்பு மாதிரி இருக்கிறது போல.

ஓவர்லாக் எல்லாம் கான்ட்ராக்டில் பீஸ் ரேட்தான். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். இனி போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசினால் நடிப்பாகத் தெரியாதா? எனக்கு அது வராது. இன்னொன்றும் இருக்கிறது. நேரில் பேச மாட்டேனே தவிர, ராத்திரி பத்து மணிக்கு லைன் குரூப்பில் வாய்ஸ் நோட் போடுவேன். அதில் கொஞ்சம் சூடாக இருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்று எனக்கே தெரிகிறது, கை நிற்கவில்லை.

தயிர்சாதம்:

சிரிக்க வேண்டாம் சார், வாய் திறந்தால் போதும். பீஸைப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு", "ரிப் பாருங்க" என்று இரண்டு சொல். அந்தளவு இந்தி உங்களுக்கு இருக்கிறது.

வாய்ஸ் நோட்டுக்கு ஆபிரகாம் லிங்கனைக் கூப்பிடுகிறேன். 1863 ஜூலை, அமெரிக்க உள்நாட்டுப் போர். கெட்டிஸ்பர்க்கில் ஜெயித்த லிங்கன் தரப்புத் தளபதி மீட், தோற்று ஓடிய எதிர்த் தளபதி லீயின் படையைத் துரத்திப் பிடிக்காமல் ஆற்றைக் கடக்க விட்டுவிட்டார். லிங்கனுக்குக் கடுப்பு. கையில் வந்த போரை முடிக்காமல் நீட்டிவிட்டாய் என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். எழுதி, உறையில் போட்டு, ஜெனரல் மீடுக்கு, அனுப்பவும் இல்லை, கையெழுத்து இடவும் இல்லை என்று அதன் மேல் குறித்து வைத்துவிட்டார். மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் லிங்கனின் அதிருப்தி அதற்கு முன்பே தலைமைத் தளபதி ஹாலெக் அனுப்பிய தந்தி வழியாக மீடுக்குப் போய்ச் சேர்ந்து, அவர் ராஜினாமா செய்கிறேன் என்று கிளம்பி, அதைச் சமாதானப்படுத்த உட்கார்ந்தபோதுதான் இந்தக் கடிதமே எழுதினார் லிங்கன். சமாதானம் என்று ஆரம்பித்துக் கோபத்தில் போய் முடிந்திருக்கிறது. அதை உணர்ந்து உறைக்குள் போட்டார். மீட் போர் முடியும்வரை அந்தப் படையின் தளபதியாகவே இருந்தார்.

கோபமே வராதவராக ஆக அவர் முயன்றதாகத் தெரியவில்லை. கோபத்தில் எழுதுவதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒரு உறையை வைத்தார். நீங்கள் வாய்ஸ் நோட்டைக் குரூப்பில் பேசாமல், உங்களுக்கே உங்கள் நம்பருக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். காலையில் லைனுக்குப் போகும் முன் கேளுங்கள். பாதிக்கு மேல் அழித்துவிடுவீர்கள்.

டைரி பற்றிக் கேட்டீர்கள். உணர்ச்சிகளை எழுதும் டைரி எனக்கு ஒத்துவரவில்லை. நிர்வாகம் பற்றி நிறைய எழுதிய பீட்டர் டிரக்கர் ஒரு வழி சொல்வார்: முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குத்தான் மணிக்கணக்கு புரொடக்‌ஷன் எழுதுகிற நோட்டே இருக்கிறதே. புது ஸ்டைல் ஏறும்போது, எந்த ஆபரேஷனில் சிக்கல் வரும், யார் வந்து சொல்வார் என்று ஓரத்தில் எழுதுங்கள். ஷிப்மென்ட் போனதும் பாருங்கள். சிக்கல் எங்கே வரும் என்பதை நீங்கள் சரியாகச் சொல்லியிருப்பீர்கள், குவாலிட்டி ஆள். யார் வந்து சொல்வார் என்பதில் எத்தனை தப்பு என்று பாருங்கள்.

குறுக்கே பேசுபவன்:

எல்லாம் சரி. எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஷிப்மென்ட் தேதி பையர் போடுவது, ரேட் முதலாளி போடுவது, ஆள் பற்றாக்குறை. நடுவில் மாட்டிய இன்சார்ஜை ஓட்டலுக்கு அனுப்பி "உன்னை நீ அறி" என்பது கம்பெனிக்கு ரொம்ப மலிவான வைத்தியம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

பழைய ஏர்மேன்:

மறுக்கவில்லை ஐயா. எங்கள் துறையிலும் ஆளைத் திருத்தினால் போதும் என்று யாரும் விட்டுவிடவில்லை. எரிபொருள் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது கட்டாயம் இறங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, செக்லிஸ்ட் இருக்கிறது, குறை சொன்னவரைத் தண்டிக்காத ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடெல்லாம் இருந்தும் துணை விமானி வாய் திறக்கும் அந்த ஐந்து விநாடியில் கேப்டனின் முகம் எப்படி இருக்கிறது என்பதற்கு விதி போட முடியாது. அது தம்பி கையில் இருக்கிறது, ரேட் முதலாளி கையில் இருக்கிறது. இரண்டையும் பார்க்கட்டும்.

அவினாசி ரோடு:

அக்கா சொன்ன கேள்வியைக் காலை மீட்டிங்கில் கேட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. என் இந்தியைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் பாலசோர் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஹெல்பர் பெண் சொன்னாள்: டீ டைம் பத்து நிமிஷம், நீங்கள் மிஷின் பக்கத்தில் வந்து நின்று போன் பேசுவீர்கள், நாங்கள் அஞ்சு நிமிஷத்தில் எழுந்துவிடுவோம். நான் சிக்னல் கிடைக்கிறது என்றுதான் அங்கே நிற்கிறேன். அவர்கள் டைம் பார்ப்பதற்காக நிற்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளையிலிருந்து போனை கேட் பக்கம் எடுத்துப் போகிறேன். "எனக்கு முகம் அப்படித்தான், கோபம் இல்லை, ஸ்பெக் மாறினால் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சூப்பர்வைசரை விட்டு ஒடியாவிலும் சொல்லச் சொல்லிவிட்டேன்.

செக்கிங் அக்கா:

நல்லது தம்பி. அந்தப் பெண்ணை மட்டும் யாரும் இதற்காகச் சீண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்து யார் பேசுவார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. சரி, மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களே, நிறுத்தின நேரத்துக்கு ஷிப்ட் காசு போட முதலாளி ஒத்துக்கொண்டாரா? அதைச் சொல்லவே இல்லையே.